அகதி

‘நீயே கதி’ என்று சாமி முன்னால் நிற்கிறோமே, அந்தக் கதிதான். ‘போதல்’ என்னும் பொருளுள்ள வடமொழி வேரில் பிறந்து வழி, புகலிடம் என்று விரிந்த சொல். முன்னே ‘அ’ சேர்ந்தால் புகலற்றவர். சட்டம் இதைக் குறுக்கி, துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டெல்லை கடந்தவரையே அகதி என்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கை, சில நாடுகள்மேல் மட்டும் பெருஞ்சுமை விழலாம், பன்னாட்டு ஒத்துழைப்பு வேண்டும் என்று முகப்பிலேயே சொல்கிறது. யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. இந்தியா அதில் சேரவும் இல்லை.

ஆள் எண்ணிப் பங்கு போட்ட ஒப்பந்தம் ஒன்று நமக்கு உண்டு: 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பேச்சு. மிச்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களில் பலர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டினார்கள். சிலர் கொத்தடிமைகளாகவும் சிக்கினார்கள். ஆனால் ஏட்டில் இவர்கள் அகதிகள் அல்லர், ‘தாயகம் திரும்பியோர்’. பலருக்குப் பிறந்த மண்ணே இலங்கைதான்! 1983க்குப் பின் படகேறி வந்தவர்களுக்கே அகதி என்ற பெயர் நிலைத்தது. அவர்களின் முகாம்களை 2021இல் தமிழ்நாடு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது.