கப்பல் கூலி கொடுத்தார்கள், வேலைக் கூலி?

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

"சார், கம்பெனி திவாலானா நம்ம பாக்கியை யார் சார் தருவாங்க?" என்று சவூதியில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் அவர் 1884க்குப் போய்விட்டுத்தான் திரும்புவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன்னால் இருந்தது காப்பி. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போய் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். 1869இல் காப்பி இலையில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு நோய் தென்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. துரைமார்கள் அந்தப் பெயரைத் திரித்து, 'நாசக்கார எமிலி' என்று பொருள்படக் கேலியாக அழைத்தார்கள். பதினைந்து வருடத்தில் எமிலி அவர்கள் தொழிலையே தின்று தீர்த்தாள்.

தோட்டங்கள் பெரும்பாலும் கடனில் ஓடியவை. கொழும்பு ஏஜென்சி கம்பெனிகளிடமும் வங்கிகளிடமும் அடமானம் இருந்தது. கூலியோ மாதாமாதம் கைக்கு வருவதில்லை. அரிசி முதலில் பற்று வைக்கப்படும், கணக்கு பல மாதம் கழித்துப் பார்க்கப்படும், பணம் கங்காணி வழியாக வரும். தோட்டம் நன்றாக ஓடும்வரை இது தாமதம் மட்டும்தான். தோட்டம் முறிந்த அன்று, அந்தத் தாமதமான மாதங்கள் எல்லாம் வராக்கடன். கூலிக்காரன் தனக்கே தெரியாமல் துரைக்குக் கடன் கொடுத்தவனாக நின்றான். அடமானம் வாங்காத ஒரே கடன்காரன் அவன்தான்.

1884 மே 3ஆம் தேதி கொழும்பில் ஓரியண்டல் பாங்க் கதவை மூடியது. அந்த வங்கியின் நோட்டுகள் தீவு முழுக்கப் புழங்கின. கவர்னர் ஆர்தர் கோர்டன் உடனே, வங்கி நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். நல்ல காரியம், துணிச்சலான காரியம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டு வைத்திருந்தவனுக்கு அரசு ஜாமீன் நின்ற வேகத்தை, கூலி பாக்கி வைத்திருந்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவனால் வேறு தோட்டத்துக்குப் போயிருக்க முடியாதா? அங்கேதான் 'துண்டு' வருகிறது. "இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர்ப்பது அரிது. அதாவது துரை தர வேண்டிய கூலி ஒரு கணக்கு, ஆள் மேல் நிற்கும் முன்பணக் கடன் வேறு கணக்கு. முதலாவது முறிந்தாலும் இரண்டாவது உயிரோடு இருக்கும். துண்டு முறை சட்டப்படி ஒழிய 1921 ஆனது.

காப்பி செத்த பிறகு சட்டம் வந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம், தோட்டத் தொழிலாளியின் கூலிக்கு அந்தத் தோட்டத்தின் மேல் முதல் பாத்தியதை கொடுத்தது. அடமானக்காரனுக்கும் முன்னால் கூலிக்காரன். படிக்கவே சந்தோஷமான வரி. இந்த வரிக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். தோட்டம் என்பது நிலம். துரை கப்பலேறி ஓடலாம், மலை ஓடாது. புதிதாக வாங்குகிறவன் அந்தப் பாக்கியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். பிடிக்க ஒரு சொத்து இருந்ததால்தான் அந்த முதலிடத்துக்கு அர்த்தம்.

இனி மலாயா. 1907இல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். பின்னாளில் இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தென்னிந்தியத் தொழிலாளி வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் ஆள் கணக்குப்படி பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றுவார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் 'ரஜூலா கப்பல்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அந்தத் தடத்தில்தான் அது ஓடியது. 1930இல் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது அதே நிதியிலிருந்து கப்பல் கூலி கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த நிதி என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. முதலாளியிடம் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்து வைக்கத் தெரிந்திருக்கிறது. வசூலிக்க ஆள் இருந்தது, கணக்கு இருந்தது, சட்டம் இருந்தது. ஆனால் அந்த நிதியின் வேலை ஆளைக் கொண்டுவருவதும் கொண்டுபோய் விடுவதும்தான். முறிந்த முதலாளி வைத்த கூலி பாக்கியை அதிலிருந்து தரலாம் என்று விதி வைக்கவில்லை.

நூறு வருடம் தாண்டி சவூதிக்கு வருவோம்.

சவூதி ஓஜர் கம்பெனியை வளர்த்தவர் லெபனான்காரர் ரபீக் ஹரீரி. 1965இல் சவூதிக்குப் போனபோது அவர் கணக்கு வாத்தியார் (நம் இனம்தான், கணக்கு மட்டும் நம்மைவிட நன்றாக வந்திருக்கிறது). பிறகு கட்டுமானத்தில் இறங்கி அரச குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றார். ரியாத் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல், ஜித்தாவுக்கு வடக்கே மன்னர் அப்துல்லா அறிவியல் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தக் கம்பெனி கட்டியவை. 2005இல் அவர் பெய்ரூட்டில் கொல்லப்பட்டபின் மகன் சாத் கைக்கு வந்தது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் 30க்குக் கீழே விழுந்தது. அரசு தன் கட்டுமான பில்களை நிறுத்தி வைத்தது. கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. 2017 ஜூலை 31ஆம் தேதி மூடியே விட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தொழிலாளியின் பாக்கி முதல்தர முன்னுரிமைக் கடன் என்கிறது. முதலாளி திவாலானால் வேறு எந்தச் செலவுக்கும், கோர்ட் செலவுக்கும்கூட முன்னால், ஒரு மாதச் சம்பளத்தை உடனே கொடு என்கிறது. 1889 சட்டத்தை விடவும் ஒரு படி மேல். ஆனால் இங்கே மலை இல்லை, செடி இல்லை. கான்ட்ராக்ட் கம்பெனி கட்டிய கட்டடம் அதன் சொத்து இல்லையே! அதன் பெரிய சொத்து, அரசிடமிருந்து வர வேண்டிய பில். வராத பில்லின் மேல் முதலிடம் கொடுத்து என்ன செய்வது?

இக்காமாதான் அன்றைய சவூதியின் துண்டு. கபீல் புதுப்பித்தால்தான் அது உயிரோடு இருக்கும். கம்பெனி முறிந்ததும் புதுப்பிப்பதும் நின்றது. இக்காமா காலாவதியானவன் வெளியே போனால் பிடிபடுவான், ஆஸ்பத்திரிக்குப் போக யோசிப்பான், வேறு வேலைக்கு மாற 2021 வரை பொதுவாகப் பழைய கபீலின் சம்மதம் வேண்டியிருந்தது, ஊர் திரும்பவும் அதே கபீலிடம்தான் எக்ஸிட் வாங்க வேண்டியிருந்தது. பணம் தராதவனும் கதவைப் பூட்டியவனும் ஒரே ஆள். முறிந்தது அவனுடைய பணம்தான், பூட்டு முறியவில்லை.

2016 ஜூலை கடைசியில் ஜித்தா முகாம்களில் சமையல் நின்று நம் ஆட்கள் பட்டினி கிடந்தது செய்தியானது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள். வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் துரிதமாக இறங்கினார், துணைத் தூதரகம் உணவு கொடுத்தது, இணை அமைச்சர் வி.கே. சிங் நேரில் போனார். மன்னர் சல்மான் 10 கோடி ரியால் ஒதுக்கினார். காலாவதி இக்காமாவுக்கு அபராதம் இல்லாமல் எக்ஸிட் கிடைத்தது. பாக்கிக்கு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புங்கள், கம்பெனிகளோடு கணக்குத் தீரும்போது உங்களுக்கும் வரும் என்று சொல்லப்பட்டது. உயிர் முக்கியம், அந்த நேரத்தில் அதுதான் சரி. ஆனாலும் பலர் கிளம்பத் தயங்கினார்கள். புத்தியில்லாமல் தயங்கவில்லை. முகாமில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்வரை அவர்கள் ஒரு பிரச்சினை. விமானம் ஏறிவிட்டால் ஒரு ஃபைல்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்த ஃபைலை விடவில்லை. 2015, 2016இல் முறிந்த கம்பெனிகளில் வேலை பார்த்த சுமார் 10,000 பேரின் பாக்கிக்கு 200 கோடி ரியால் தருவதாக சவூதி 2022 நவம்பரில் ஒப்புக்கொண்டது. காசோலைகள் கைக்கு வரத் தொடங்கியது 2024இல். எட்டு வருடம். அதற்குள் இறந்துபோனவர்களுக்காக வாரிசுகள் வரிசையில் நின்றார்கள்.

1907இல் கப்பல் கூலிக்குச் செய்ததை வேலைக் கூலிக்கும் செய்யலாம் என்று வளைகுடாவுக்குத் தோன்ற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கத்தார் 2018இல் சட்டம் போட்டுத் தொழிலாளர் ஆதரவு நிதி ஒன்றை உண்டாக்கியது. அதே ஆண்டு அமீரகம், ஆளுக்கு 3,000 திர்ஹம் வங்கி உத்தரவாதத்தை எடுத்துவிட்டு, வருடம் 60 திர்ஹம் பிரீமியத்தில் 20,000 திர்ஹம் வரை தரும் காப்பீட்டைக் கொண்டுவந்தது. சவூதியில் 2024 அக்டோபரில் வந்தது. கம்பெனியில் 80 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் சம்பளம் நின்றால், ஆளுக்கு 17,500 ரியால் வரை.

நல்லது. இப்போது கணக்குப் போடுங்கள். சவூதி சட்டப்படி சர்வீஸ் பணம் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதன்பின் வருடம் ஒரு மாதச் சம்பளம். 2,000 ரியால் சம்பளத்தில் இருபது வருடம் இருந்தவனுக்கு 5,000மும் 30,000மும் சேர்த்து 35,000 ரியால் வர வேண்டும். உச்சவரம்பை முழுதாகக் கொடுத்தாலும் பாதிதான். நின்றுபோன ஆறு மாதச் சம்பளம் 12,000 தனி.

சம்பளச் சீட்டு, ஒப்பந்த நகல், இக்காமா நகல் மூன்றையும் ஊரில் வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். கிளம்பும்போது வெற்றுத்தாளிலும், "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று அரபியில் எழுதிய தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் புதிய காப்பீட்டில் உங்களில் யாருக்காவது பணம் வந்திருந்தால், எத்தனை மாதத்தில் வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று கீழே எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், பிழை திருத்த மாட்டேன்.