தங்கவயலும் தானே கற்கும் வித்தையும்

கோலார் தங்கவயலின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் பொன்னின் கணக்கையே எழுதிச் செல்வர்: 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத்தை ஏற்றது, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது என்பன அக்கணக்கின் வரிகள். ஆனால் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் குடியேறி, ஷிப்டு தவறாமல் பூமிக்குள் இறங்கி ஏறிய தமிழ்த் தொழிலாளர்கள் அவ்வூரில் வளர்த்த வழக்கம் ஒன்றுண்டு. கல்விக்கூடத்தின் கதவு திறவாதிருந்த காலத்தில் தாமே கூடிக் கற்ற வழக்கம் அது. உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியல் என்னும் புதிய சாஸ்திரத்தைச் சுயமாகப் பயில விரும்பும் இன்றைய இளைஞர்களுக்கு அதனினும் தகுந்த முன்மாதிரி இல்லை என்பது என் துணிபு.

அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதனை ஆவலோடு படித்தவர்களுள் தங்கவயல் தொழிலாளர்களும் இருந்தனர். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அவருடைய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளையும் இயங்கியது. வாசகர் வினா அனுப்புவர். பண்டிதர் பத்திரிகையிலேயே விடை எழுதுவார். 1914-இல் அவர் மறைந்த பின்னும் அம்முயற்சி அவிந்துவிடவில்லை. 1926-இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ பத்திரிகையை மறுபடியும் வெளிக்கொணர்ந்தார். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பிரசுரித்தது. ஆசிரியர் இல்லாமல் கற்கலாம், ஆனால் வினவுவோர் இல்லாமல் கற்கலாகாது என்பதை அம்மக்கள் செயலில் காட்டினர்.

உயிர்த்தகவலியலின் முன்னோர்களுக்கும் அத்துறையில் ஆசிரியர் எவரும் இருந்ததில்லை. பௌதிகம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கக்கூடும் என்பதை 1963-இல் கணக்கிட்டு வரைபடமாக வெளியிட்டார். புரத வடிவங்களைச் சோதிக்க அந்த வரைபடம் இன்றும் உரைகல்லாக நிற்கிறது. இரசாயனம் பயின்ற மார்கரெட் டேஹாஃப் அம்மையார், வரிசை தெரிந்த புரதங்களைத் திரட்டி 1965-இல் அமெரிக்காவில் நூலாக்கினார். அதே ஆண்டில் தங்கவயலின் பூமிக்கடியில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு கூடி, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். அந்த ஆராய்ச்சிக்கு ஆழ்ந்த சுரங்கமும், பெருங்கருவிகளும், பெரிய ஸ்தாபனங்களின் ஆதரவும் இன்றியமையாதவை. டேஹாஃப் தொடங்கிய துறையோ காலப்போக்கில் எளியவருக்கும் எட்டுவதாயிற்று.

2001 பிப்ரவரி மாத நடுவில், மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு, ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டதாக, உலகுக்கு வெளியிடப்பட்டது. அம்மாதம் 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோண்டிய பொன்னில் தொழிலாளிக்குக் கிடைத்தது கூலி மட்டுமே. அரசாங்கப் பணத்தில் நடந்த அந்த மரபணு ஆராய்ச்சியின் பலனோ, கணினியும் இணையமும் உள்ள எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கப்பட்டது. வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல் பிள்ளைகளுக்கும் அதில் முழு உரிமை உண்டு.

எங்கிருந்து தொடங்குவது? இன்சுலினிலிருந்து தொடங்கலாம். பொதுத் தரவுத்தளத்தில் மனித இன்சுலினைத் தேடி எடுத்தால் எழுத்துக்கு ஓர் அமினோ அமிலமாக 110 எழுத்துகள் கிடைக்கும்; ஆனால் பாடநூல் 51 என்று சொல்லும். ஏன் இந்த வேறுபாடு என்று ஆராயப் புகுந்தால், உயிரணு நீண்ட சங்கிலியைச் செய்து பின் வெட்டி இரு சங்கிலிகளாகச் சீராக்குகிறது என்ற உயிரியல் பாடம் தானே வந்து சேரும். அந்த 51 எழுத்துகளுக்குக் கீழே பன்றியின் இன்சுலினைத் தாளில் எழுதி ஒப்பிட்டால், இரண்டாம் சங்கிலியின் கடைசியில் திரியோனின் இருந்த இடத்தில் அலனின் இருக்கும். வேறு பேதம் இல்லை. மாட்டின் இன்சுலினிலோ மூன்று இடங்கள் மாறும். நீரிழிவு நோயாளிகளுக்குப் பன்றியின் இன்சுலின் பல்லாண்டு பயன்பட்டதன் காரணம் அப்போது விளங்கும். கையால் செய்த இவ்வொப்பீட்டையே பைத்தான் என்னும் கணினி மொழியில் பத்து வரிகளில் செய்யப் பழகி, பிறகு நூறு பிராணிகளுக்கு விரித்தால், நிரலும் புள்ளியியலும் தேவையை ஒட்டியே கைவரும்.

இவற்றைத் தனி அறையில் அப்பியசிப்பவர், கணினி தந்த விடையை உண்மையென்றே நம்பிவிடும் அபாயம் உண்டு. கணினி காட்டுவது அனுமானமே, நிரூபணம் பரிசோதனைச் சாலையில்தான் கிட்டும். ஆகையால் நாலு பேர் வாரந்தோறும் கூடி, ஒருவர் செய்ததை மற்றவர் கேள்வி கேட்டு, செய்த முறையை நல்ல தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். தமக்கென்று பத்திரிகையும் புத்தகசாலையும் நடத்திய ஊருக்கு இது புதிய காரியம் அன்று. முன்னோர் செய்ததைத் தொடர்வதே ஆகும்.