சோப்புப் பெட்டியும் எண்ணெய்ச் சட்டியும்

1929 செப்டம்பர் 2. பிரிட்டனின் லீவர் பிரதர்ஸ் கம்பெனியும் நெதர்லாந்தின் மார்கரின் யூனி கம்பெனியும் ஒன்றாக இணைவதென்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. முன்னது சோப்பு விற்றது. பின்னது வெண்ணெய்க்குப் பதிலாக ரொட்டியில் தடவும் மார்கரினை விற்றது. குளியலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பலர் வியந்திருக்கக்கூடும். ஆனால் இரண்டு கம்பெனிகளும் பல ஆண்டுகளாக ஒரே எண்ணெய்ப் பீப்பாய்களுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு, விலையை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன. அடித்துக்கொள்வதைவிடச் சம்பந்தம் செய்துகொள்வது லாபம் என்று கணக்குப் போட்டார்கள். 1930 ஜனவரியில் யூனிலீவர் பிறந்தது.

அந்தப் பீப்பாய்களில் இருந்தவற்றுள் முக்கியமானது ஆப்பிரிக்க எண்ணெய்ப் பனையின் கொழுப்பு. மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்பார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் இதன் பெயர் பாமாயில்.

செம்பனைப் பழம் ஒரு விசித்திரம். ஒரே பழத்திலிருந்து இரண்டு வேறு வேறு எண்ணெய்கள் கிடைக்கின்றன. சதையைப் பிழிந்தால் வருவது பாமாயில். உள்ளே இருக்கும் பருப்பை ஆட்டினால் வருவது தேங்காயெண்ணெய்க்கு நெருங்கிய உறவான இன்னொன்று. சோப்புக் கட்டி கரையாமல் கெட்டியாக நிற்க ஒருவகைக் கொழுப்பு வேண்டும், பொங்கி நுரைக்க வேறுவகை வேண்டும். முதலாவதைச் சதையும் இரண்டாவதைப் பருப்பும் தந்துவிடுகின்றன. அதே சதையெண்ணெய் சாதாரண வெப்பத்தில் பாதி உறைந்து நிற்பதால் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் ஏற்றது. இப்படி ஒரு சரக்கு கிடைத்தால் எந்த வியாபாரிதான் விடுவான்?

மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இதையெல்லாம் எப்போதோ கண்டுவைத்திருந்தார்கள். சிவப்பு நிற எண்ணெயைக் குழம்பில் ஊற்றினார்கள். பருப்பெண்ணெயை உடம்பில் பூசினார்கள். எண்ணெயோடு சாம்பல் காரத்தைச் சேர்த்துக் கறுப்புச் சோப்பு காய்ச்சினார்கள். நம் ஊரில் நல்லெண்ணெய் தலைக்கும் தாளிப்புக்கும் ஒன்றாகப் பயன்பட்டது போலத்தான்.

பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்ததும் லிவர்பூல் கப்பல்காரர்கள் அதே கரைகளில் பாமாயில் வாங்கத் தொடங்கினார்கள். எந்திரங்களுக்கு மசகாகவும், மெழுகுவத்தியாகவும், சோப்பாகவும் அது ஐரோப்பாவுக்குப் போனது. நைஜர் ஆற்று முகத்துவாரத்துக்கு ஆங்கிலேயர்கள் ‘எண்ணெய் ஆறுகள்’ என்றே பெயர் வைத்தார்கள். அங்கே ஓப்போபோ என்ற ஊரை நிறுவி, இந்த வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்தவர் ஜாஜா. அடிமையாக விற்கப்பட்டு, வளர்ந்து மன்னரானவர். தன்னைத் தாண்டி உள்நாட்டில் எவரும் எண்ணெய் வாங்கக்கூடாது என்று நின்றார். 1887இல் பேச்சுவார்த்தைக்கென்று பிரிட்டிஷ் கப்பலுக்கு வரவழைத்துக் கைது செய்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். 1891இல் ஊர் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார்.

வில்லியம் லீவர் மளிகைக்கடைக்காரரின் மகன். அப்போதெல்லாம் சோப்பு நீளமான பாளமாக வரும். கடைக்காரர் அறுத்து எடை போட்டுக் கொடுப்பார். அதைச் சிறு கட்டியாக்கி, காகிதம் சுற்றி, பெயர் போட்டு விற்றால் என்ன என்று யோசித்தவர் லீவர். 1884இல் சன்லைட் என்ற பெயரைப் பதிவு செய்தார். மாட்டுக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெயை அதிகம் சேர்த்ததால் அந்தச் சோப்பு நன்றாக நுரைத்தது. விற்பனை பெருகப் பெருக, எண்ணெய்க்கு அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 1911இல் பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவில் ஏழரை லட்சம் ஹெக்டேர் வரை பனங்காடுகளைப் பெற ஒப்பந்தம் செய்தார். லீவர்வில் என்று ஒரு ஊரே எழுந்தது.

இங்கிலாந்தில் தன் தொழிலாளர்களுக்காகப் போர்ட் சன்லைட் என்ற அழகான குடியிருப்பைத் தோட்டமும் கலைக்கூடமுமாகக் கட்டிக் கொடுத்தவர் இவர்தான். காங்கோவிலோ பழம் வெட்ட ஆள் பிடிக்க அரசின் கட்டாயமும் தலைவரியும் துணைக்கு வந்தன. 1931இல் அங்கே பெண்டே மக்கள் கிளர்ந்தபோது படை வந்தது, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, யூனிலீவர் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1929இன் கடைசியில், நைஜீரியாவின் ஆபா வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். பனை எண்ணெய், பருப்பு விலை விழுந்திருந்தது. பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். வெள்ளை வெளேரென்ற சோப்பு விளம்பரங்களில் இதற்கெல்லாம் இடமில்லை.

கிழக்கே இந்த மரம் வந்த கதை தனி. 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்ராவில் வெகுநாள் அலங்காரச் செடிகளாக நின்றன. 1911இல் பெல்ஜியரான ஆட்ரியன் அல்லே அங்கே வணிகத் தோட்டம் தொடங்கினார். மலாயாவின் முதல் வணிகத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் உருவானது. நிறுவியவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வென்றவர். செம்பனைக்குப் பேர்போன அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! பெயரைப் பார்த்தாலே அங்கே யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும்.

மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கங்காணிகள் வழியாகப் போனார்கள். முதலில் பால்மரம் என்கிற ரப்பர் மரம், பிறகு செம்பனை. செயற்கை ரப்பர் வந்து இயற்கை ரப்பரின் விலையை அசைத்தபோது மலேசியா செம்பனைக்குத் திரும்பியது. 1960களிலிருந்து பால்மரக் காடுகள் வரிசை வரிசையாகச் செம்பனை ஆயின. விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்பு, நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுப்பது, உதிரிப் பழம் பொறுக்குவது என்று வேலையின் உருவமும் மாறியது. அறுத்த குலையை உடனே ஆலைக்கு ஏற்றியாக வேண்டும். வைத்திருந்தால் எண்ணெய் கெடும். அதனால் தோட்டத்துக்குள்ளேயே ஆலை, ஆலைக்குத் தீனி போட இன்னும் பெரிய தோட்டம்.

ஆப்பிரிக்காவில் தானாகக் காய்த்த மரம் மலேசியாவில் சரியாகக் காய்க்கவில்லை. ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்பது அறிஞர்களின் அன்றைய நம்பிக்கை. ரஹ்மான் அன்வர் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய்ப் பார்த்து, ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். 1981இல் அந்த வண்டை மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். விளைச்சல் ஏறியது, தூவும் வேலை ஒழிந்தது.

ஒழியாத வேலை மருந்தடிப்பது. மரத்தடியில் புல் முளைக்காமல் பாரகுவாட் என்ற களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். தெனகனிதா என்ற பெண்கள் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு, மூக்கில் இரத்தம் வடிவதையும் நகம் கழல்வதையும் தோல் எரிவதையும் பதிவு செய்தது. மலேசிய அரசு அந்த ஆண்டே பாரகுவாட்டைத் தடை செய்தது, 2006இல் தளர்த்தியது, 2020இல்தான் முழுதாக நிறுத்தியது. எவருடைய சருமமோ மென்மையாக இருப்பதற்கான எண்ணெய் இவர்களுடைய தோலை உரித்துத்தான் வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. கடைசியில் தோட்டங்களே போயின. நிலம் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் கைமாற, தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நகர ஓரங்களுக்குப் போயின. மிஞ்சிய தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவர்களும் வேலை செய்கிறார்கள்.

இந்தியாவுக்கு சன்லைட் பெட்டிகள் 1888இல் கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்து இறங்கின. சீயக்காயும் அரப்பும் பயத்தமாவும் ஒரே நாளில் காணாமல் போய்விடவில்லை; வெள்ளி, சனி எண்ணெய்க் குளியல்களில் நெடுநாள் தாக்குப் பிடித்தன. சமையல் எண்ணெய் ஊர்ச் செக்கிலேயே ஆட்டப்பட்டது. பிண்ணாக்கு அதே தெருவின் மாட்டுக்குப் போனது.

சமையல் எண்ணெயில் பெரிய மாற்றம் டால்டாவோடு வந்தது. திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் வழியை வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை செய்திருந்தார். அமெரிக்காவில் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்ததும் ஒரு சோப்புக் கம்பெனிதான்: புராக்டர் அண்ட் கேம்பிள், 1911இல், கிரிஸ்கோ என்ற பெயரில். இந்தியாவில் லீவர் குழுமம் 1937இல் டால்டாவை இறக்கியது. பனைமரப் படம் போட்ட மஞ்சள் டின். உள்ளே இருந்தது பெரும்பாலும் கெட்டியாக்கிய கடலையெண்ணெய். நெய் வாங்க முடியாதவர்களுக்கு நெய் போல் ஒன்று; பொதுப்பெயர் வனஸ்பதி. காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழில் வனஸ்பதியைக் கடுமையாக எதிர்த்தார். மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். காலி டின்னில் அரிசியும் பருப்பும் கொட்டி வைத்தார்கள்.

1983இல் ஒரு பெரும் ரகளை. சோப்புக்கென்று இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது அம்பலமாயிற்று. நாடாளுமன்றம் கொந்தளித்தது, கொழுப்பு இறக்குமதிக்குத் தடை வந்தது. சோப்புக்கும் சோற்றுக்கும் சரக்கு ஒன்றே என்ற கம்பெனிகளின் பழைய இரகசியத்தை இந்திய மக்கள் அன்று அருவருப்போடு தெரிந்துகொண்டார்கள்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் வேறொரு கூத்து. மாரடைப்பிலிருந்து பிழைத்த பில் சோகோலோஃப் என்ற தொழிலதிபர், பாமாயிலும் தேங்காயெண்ணெயும் இதயத்துக்கு விஷம் என்று 1988இல் முழுப்பக்கச் செய்தித்தாள் விளம்பரங்கள் கொடுத்தார். கம்பெனிகள் பயந்து, ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கு மாறின. 1990இல் மென்சிங்க், காட்டான் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்த எண்ணெயில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அதாவது, சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதை. டென்மார்க் 2003இல் அதற்கு வரம்பு கட்டியது. அமெரிக்கா 2006 முதல் உறையில் அளவைக் குறிப்பிடச் சொன்னது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் வரம்பு 2 சதவீதம்.

சரி, டிரான்ஸ் கொழுப்பை எடுத்துவிட்டு எதைப் போடுவது? ஹைட்ரஜன் இல்லாமலே கெட்டியாக நிற்கும் எண்ணெய் எது? மறுபடியும் பாமாயில். அதில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதிக வெப்பத்தில் சுத்திகரிக்கும்போது வேண்டாத வேதிப்பொருள்கள் உருவாகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. இருந்தும் டிரான்ஸ் கொழுப்போடு ஒப்பிட்டால் அது மேல். மேற்கு நாட்டு இதயங்களைக் காக்க எடுத்த நல்ல முடிவு ஒன்று, போர்னியோவிலும் சுமத்ராவிலும் தோட்டங்கள் இன்னும் விரிவதற்கான காரணங்களில் ஒன்றானது.

காடும் கரிச்சதுப்பு நிலமும் எரிந்தன. 1997இல் புகைமூட்டம் தாங்காமல் சரவாக்கில் அவசர நிலை அறிவித்தார்கள். 2015இல் ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. எல்லாத் தீயையும் செம்பனைத் தலையில் கட்ட முடியாது. காகித மரத் தோட்டங்களுக்கும் பங்குண்டு. ஆனால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பள்ளிகளை மூடிவிட்டு முகமூடியோடு வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு, தட்டில் இருப்பதும் காற்றில் இருப்பதும் வேறு வேறல்ல என்று பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை.

இந்த இடத்தில் ‘பாமாயிலை ஒழிப்போம்’ என்று முழங்குவது எளிது. அந்த முழக்கம் நிற்காது. அதே அளவு எண்ணெய்க்கு மற்ற பயிர்கள் ஒன்பது மடங்கு வரை அதிக நிலம் கேட்கும் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் சொன்னது. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் கிடைக்கிறது. அட்டையை நீட்டி ஒரு லிட்டர் வாங்கிப் போகிறவரிடம் காட்டை இழந்த ஓராங்குட்டான்களுக்குக் கணக்கு கேட்பது அநியாயம். செக்கெண்ணெய் வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். அதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது.

மாற வேண்டியது வேறொன்று. 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு உறைகளில் ‘தாவர எண்ணெய்’ என்று மொட்டையாக எழுத முடியாது. எந்தத் தாவரம் என்று சொல்லியாக வேண்டும். பிஸ்கட்டுக்கு வந்த இந்த ஒழுங்கு சோப்புக்கும் ஷாம்புவுக்கும் இன்னும் வரவில்லை. ‘சோடியம் பாமேட்’ என்று போட்டிருந்தால் ஊகித்துக்கொள்ளலாம். ‘சோடியம் லாரெத் சல்ஃபேட்’, ‘கிளிசரின்’ என்றால் அது தென்னையா, செம்பனையா, எந்த நாட்டு மண் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. ஒரே மரத்தின் எண்ணெயை வாயில் வைக்கும்போது பெயர் சொல்ல வேண்டுமென்றால், தோலில் பூசும்போதும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சட்டத்தை அரசிடம் கேட்டு வாங்குவது வாசகர்களின் வேலை.