தபாலில் வந்த பேச்சுப் பாடம்



குழந்தை பிறந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் முதல் சொல்லைச் சொல்கிறது. அதுவரை தாயின் கொஞ்சலையும் பாட்டியின் தாலாட்டையும் அண்ணன் அக்காளின் சண்டையையும் காதால் வாங்கிச் சேர்த்து வைக்கிறது. காது கேளாத குழந்தைக்கு இந்தச் சேமிப்பு இல்லை. அதன் நாக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் ஒரு குறையும் இராது. நம்மவர்களோ அதை ஊமை என்று சொல்லி, நாக்கில் வசம்பு தடவிப் பார்ப்பார்கள். “பள்ளிக்கூடம் போகும் வயதில் பேசிவிடும்” என்று ஆறுதலும் கூறுவார்கள். மொழி வேகமாக வளர வேண்டிய ஆண்டுகள் இப்படியே கழிந்துவிடுகின்றன.

காத்திருந்தவர்கள் நாம் மட்டுமல்ல. மேல்நாடுகளில் காது கேளாதோர் பள்ளிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றின. ஜெர்மனியில், லைப்சிக் நகரில், சாமுவேல் ஹைனிக்கே 1778-இல் தொடங்கிய பள்ளியில் பேச்சு வழியாகவே பாடம் நடந்தது. ஆனால், இத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளுக்கே இருந்தன. அமெரிக்காவில் எம்மா காரெட், மேரி காரெட் என்னும் சகோதரிகள், பிலடெல்பியாவை அடுத்த பாலா என்னும் ஊரில் 1892-இல் ஓர் இல்லம் திறந்து, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கே பேச்சு கற்பிக்க முற்பட்டார்கள். நல்ல முயற்சிதான். ஆனாலும் பச்சைப் பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரித்து அங்கே தங்கவைக்க வேண்டியிருந்தது. எத்தனை தாய்மார்களுக்கு அந்த மனம் வரும்?

தாயையே ஆசிரியை ஆக்கிய முயற்சிகளுள் பெயர் பெற்ற ஒன்று, ஒரு தாயின் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. ஸ்பென்சர் டிரேசி என்னும் ஹாலிவுட் நடிகரை மூத்த நேயர்கள் திரையில் பார்த்திருக்கலாம். அவருடைய மனைவி லூயிஸ். அவர்களுக்கு 1924-இல் ஜான் என்ற மகன் பிறந்தான். குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது, தூங்கும் பிள்ளைக்கு அருகே கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பிள்ளை அசையவில்லை. பெயர் சொல்லி அழைத்தார், அப்போதும் அசையவில்லை. அன்றுதான் மகனுக்குக் காது கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

லூயிஸ் தாமே படித்து, தாமே கற்பித்தார். ஜான் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பேசவும் கற்று, ஓவியம் பயின்று, பின்னாளில் வால்ட் டிஸ்னி படக்கூடத்தில் வேலையும் பார்த்தார். மகன் வளர்ந்ததோடு லூயிஸ் நிறுத்திக்கொள்ளவில்லை. 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு சிறிய வீட்டில், ஜான் டிரேசி கிளினிக் தொடங்கியது. பிள்ளைகளோடு பெற்றோருக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது, கட்டணம் இல்லை.

எல்லாரும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட முடியுமா? ஆகவே 1943-இல் தபால் வழிப் பாடம் தொடங்கினார்கள். பாடங்கள் தவணை தவணையாக வீட்டுக்கு வரும். பிள்ளை செய்ததைத் தாய் எழுதி அனுப்புவாள். அதைப் படித்துப் பார்த்து அவளுக்கென்றே பதில் எழுதுவார்கள். காலப்போக்கில் இப்பாடம் பல மொழிகளில், பல நாடுகளுக்குப் போயிற்று. பள்ளிக்கும் நகரத்துக்கும் தொலைவில் வாழ்ந்த தாய்க்கு அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வகைப் பாடத்தில் எடுத்த எடுப்பில் பேசச் சொல்வதில்லை. முதலில் பார்க்கப் பழக்குவார்கள். பந்தை முகத்தருகே பிடித்து, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, வெளிச்சம் நம் முகத்தில் படும்படி இருந்துகொண்டு, “இதோ பந்து, பந்தை உருட்டு” என்று இயல்பாகச் சொல்ல வேண்டும். கத்தக் கூடாது, கத்தினால் உதடு கோணிக்கொள்ளும். உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. ‘படி’, ‘மடி’ இரண்டையும் கண்ணாடி முன்னே சொல்லிப் பாருங்கள். உதட்டில் வேறுபாடே தெரியாது. அதனால்தான் தனிச் சொல்லாக அல்லாமல் வாக்கியமாகப் பேசச் சொல்கிறார்கள். சோறு ஊட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் நடக்கிற பேச்சே பாடமாகிவிடும்.

இந்த வரலாற்றில் கசப்பான பகுதியும் உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகையை ஒதுக்கியது. காது கேட்பவர்களே பெரும்பாலும் கூடி எடுத்த முடிவு அது. பின்னர் எத்தனையோ வகுப்பறைகளில் கைகள் அடக்கப்பட்டன. பேச்சும் முழுமையாக வராமல் சைகையும் கிடைக்காமல் போன பிள்ளைகள் மொழியே இல்லாமல் தவித்தார்கள். அந்தத் தீர்மானங்களை 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டிலும், பினாங்கில் 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, தொடக்கத்தில் வாய்மொழி முறையையே பின்பற்றியது. வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் சைகை மொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள்! மலேசிய சைகை மொழிக்கு 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகாரம் அளித்தது. ஆகவே பேச்சு கற்பிக்கும் பெற்றோர் சைகையைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

இன்று செவிக்கருவியும், உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவியும் வந்துவிட்டதால், பல பிள்ளைகள் ஒலியைக் கேட்டே பேச்சுப் பழகுகிறார்கள். அதற்கும் காலம் முக்கியம். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள அளவு. வீட்டில் கைதட்டிப் பார்ப்பது போதாது. தட்டும்போது எழும் காற்றசைவையும் நிழலையும் உணர்ந்து பிள்ளை திரும்பிவிடும். சோதனைக் கருவி உறங்கும் குழந்தையின் காதையே அளந்துவிடும், வலி கிடையாது. சந்தேகம் இருந்தால் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் இப்போதே கிளினிக்கில் கேளுங்கள்.