அந்த அஞ்சு லட்சம்

பரளச்சியில் வானத்தை நம்பித்தான் வெள்ளாமை. மழை பெய்தால் பருத்தி, மல்லி. கண்மாய் பெருகினால் நெல். பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. கல்லூரிக் காலத்தில் இந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்துதான் நானும் என் சேக்காளிகளும் யூசுப்கானைப் பற்றி விடிய விடியச் சண்டை போட்டோம். அவர் வீரரா, துரோகியா? கமல்ஹாசன் 1997ல் தொடங்கி முடியாமல் போன படத்தால்தான் மருதநாயகம் என்ற பெயரே எங்களுக்குத் தெரியும்.

ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்து சிப்பாயானவர். கிளைவின் கீழ் சண்டையிட்டு, திருச்சி முற்றுகையில் பெயர் வாங்கி, 1754ல் கம்பெனிச் சிப்பாய்களுக்கே தளபதியானார். 1758-59ல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது வெளியே இருந்து அதன் தானிய வழிகளை அடித்தார். அதற்குப் பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகைக்கு எடுத்தார். 1761ல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் அவரிடம் விழுந்தது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார்.

"ஏப்பா, அந்த அஞ்சு லட்சத்த யாரு குடுத்தா?"

எங்களில் ஒருத்தனுக்கும் பதில் தெரியவில்லை.

பதிலின் ஒரு பகுதி எனக்குச் சீனாவில் கிடைத்தது. 1916ல் யுவான் ஷிகாய் செத்ததும் அங்கே தளபதிகள் ஆளுக்கொரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபெங் யூஷியாங் 1924ல் தன் மேல்தளபதி வூ பெய்ஃபூவையே கவிழ்த்துப் பெய்ஜிங்கைப் பிடித்தார். சிச்சுவானில் இனி வரப்போகும் வருஷங்களின் நிலவரியையும் இப்போதே வசூலித்தார்கள். படைக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வரி வேண்டும், வரிக்கு மண் வேண்டும். மண்ணை வைத்திருக்க மறுபடியும் படை வேண்டும்.

யூசுப்கான் மாட்டிக்கொண்டதும் இதே சக்கரத்தில்தான். அவர் கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சி கோவில் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார் என்று இன்றும் சொல்வார்கள். வத்திராயிருப்பு பக்கம் கான்சாபுரம் என்று அவர் பெயரில் ஊரே இருக்கிறது. ஆனால் குத்தகை கைவிட்டுப் போனால் படைக்குச் சம்பளம் கிடையாது. படை கலைந்தால் அவரே கிடையாது. 7 லட்சம் தருகிறேன் என்றார். நவாப் முகமது அலியும் கம்பெனியும் ஒத்துக்கொள்ளவில்லை. 1763ல் மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

ஒரு வருஷத்துக்கும் மேல் கோட்டை தாங்கியது. 1764 ஜூனில் ஏறி அடிக்கப் பார்த்த கம்பெனிப் படை அடிபட்டுத் திரும்பியது. கடைசியில் சோறும் தண்ணீரும் அறுந்தபோது, அவரோடு இருந்தவர்களே அவரைக் கட்டிப்போட்டுக் காட்டிக்கொடுத்தார்கள். அக்டோபர் 15ல் தூக்கு. அந்தச் சீமைகளின் வசூல் நவாப் கைக்குப் போனது. கொடுக்கிறவர்கள் மட்டும் மாறவில்லை.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடங்கிய தர்காவுக்குப் போன வருஷம் போயிருந்தேன். அவருடைய துணிச்சலை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் வீரரா துரோகியா என்று இப்போது யாராவது கேட்டால், நான் முதலில் அந்த 5 லட்சத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அப்போதும் மழை பொய்த்த வருஷங்கள் இருந்திருக்கும். குத்தகைத் தொகைக்கு அது தெரியாது.