குமுளி: கணவாயில் வளர்ந்த ஊர்

தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் முட்டிக்கொள்ளும் மலைமுகட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த குமுளியைச் சுற்றுலாத்தலமாக மட்டும் அறிந்தவர்கள், அவ்வூரை உருவாக்கியது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மலைப்பாதையே என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. பெரியாற்றங்கரைக் காடுகளில் உரிமை கொண்டிருந்த பூஞ்சாறு அரச மரபினர், பாண்டியர் வழியில் மதுரையிலிருந்து வந்தவர்களாகத் தம்மைக் கூறிக்கொண்டதிலும் இம்மலைத்தொடர்பின் பழமை தெரிகிறது.

அண்டையிலுள்ள தேக்கடியில் பயணிகள் படகேறிக் காணும் ஏரியோ இம்மலைப்பாதையினும் இளையது. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் 999 ஆண்டுகளுக்கு அளித்த குத்தகையின்படி, பொறியாளர் பென்னிகுயிக் பொறுப்பில் 1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீரே அது. அன்று மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேல் கருத்து நிற்க, நீர்க்காகங்கள் அவற்றில் அமர்ந்து சிறகு உலர்த்துகின்றன. 1934-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இக்காடு 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. காட்டினுள் வாழ்ந்த மன்னான், பளியர் பழங்குடியினர் குமுளியின் ஓரத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டது, இப்பகுதியின் வரலாற்றில் உரிய இடம் பெறாத பெருந்துயரம். பிற்காலத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே, வயணப்பட்டை எனப்படும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறியது, இவ்வூர் கண்ட மாற்றங்களுள் போற்றத்தக்க ஒன்று.

ஆயினும் குமுளியின் உயிர்நாடி ஏலக்காய்தான். செடியின் அடியில் மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் காய்கள் ஒருசேர முற்றாததால், ஒரே செடியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை குனிந்து தேடி, விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் ஏறத்தாழ ஒரு நாள் அனலில் வாட்டினால், ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ அளவுக்குச் சுருங்கும். காய் கிள்ளும் வேலைக்கு விடியலில் கம்பம், கூடலூர்ப் பெண்கள் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்புவது, 1956-இல் பீர்மேடு வட்டம் கேரளத்தின் பகுதியாகி, பழைய சமஸ்தான எல்லை மாநில எல்லையாகத் தொடர்ந்த பின்னரும் நின்றுவிடவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றி இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த பிணக்கால் எல்லைப் போக்குவரத்து தடைபட்டபோது, தோட்டங்களில் காய் எடுக்க ஆள் இல்லாமற்போனது.

இன்று கடைவீதியில் விடுதிகளும் நறுமணப்பொருள் கடைகளும் கதகளி, களரி அரங்குகளும் நெருங்கி நிற்கின்றன. தோட்டங்களில் வடமாநிலத் தொழிலாளரும் வேலை செய்கின்றனர். காயின் விலை புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்தில் முடிவாகிறது. பயணிக்காக ஊர் அணிந்துகொண்ட இக்கோலத்தைக் குறைகூற இயலாது, பலருக்கு அதுவே பிழைப்பு. ஆனால் பொட்டலத்தில் ஏலக்காய் வாங்கிச் செல்பவருக்கு அதைக் கிள்ளிய கைகளைப் பற்றிச் சொல்ல அக்கடைவீதியில் ஒரு பலகைகூட இல்லாதது பெருங்குறையே. படகுத்துறைக்கு வழிகாட்டும் ஊர், விடியற்காலை ஜீப்புகளின் வரலாற்றையும் எழுதி வைக்கலாம்.