அமாங் முதல் அட்டவணைக் கழிவு வரை: புக்கிட் மேரா தோரியத்தின் சட்ட வரலாறு

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்தோர் வழக்கில் ‘அமாங்’ என்றொரு மலாய்ச் சொல் உண்டு. ஈய மணலை நீரில் அலசித் தாதுவைப் பிரித்தெடுத்த பின் எஞ்சி நிற்கும் கனத்த மணலே அமாங். (நம் நாட்டுத் தமிழர் பேச்சில் ஈயம் என்றால் அது வெள்ளீயமே, காரீயத்தை அது குறிப்பதில்லை. இக்கட்டுரையிலும் அவ்வழக்கையே கைக்கொள்கிறேன்.) சுரங்க முதலாளிக்கு அமாங் வேண்டாத பொருள், அதனைக் குட்டையோரத்தில் குவித்து வைத்தனர். பின்னாளில் அம்மணலில் இல்மனைட்டு, சிர்க்கோன், மோனசைட்டு, செனோடைம் ஆகிய கனிமங்கள் இருப்பதும், அவற்றுக்கு வெளிநாடுகளில் விலை உண்டு என்பதும் தெரியவந்தன. அமாங்கை வாங்கி உலர்த்தி, காந்த விசையாலும் மின்விசையாலும் கனிமங்களைத் தனித்தனியே பிரிக்கும் ஆலைகள் பேராக்கில் எழுந்தன. கழிவாய்க் கிடந்தது சரக்காயிற்று. சொல் மட்டும் மாறவில்லை.

மோனசைட்டு தமிழருக்கு அயலான கனிமம் அன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது 1909ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலார் ஒருவரால் கண்டறியப்பட்டது. அதனுள் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் இருப்பதால், விடுதலை பெற்ற இந்தியா அதனை அணுசக்திச் சட்டத்தின்கீழ்க் குறித்துரைக்கப்பட்ட பொருளாக்கி அரசின் பிடிக்குள் வைத்துக்கொண்டது. அதே கனிமம் பேராக்கில் அமாங் என்ற பொதுப்பெயருக்குள் ஒதுங்கிக் கிடந்தது. அணுசக்திப் பொருள் என்று கேட்டவன் எச்சரிக்கை கொள்வான். அமாங் என்று கேட்டவன் மணல் என்று எண்ணுவான்.

மொழியியல் படித்தவனுக்கு ஆலைக் கழிவில் என்ன வேலை என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். தீங்கு தரும் ஒரு பொருளைச் சட்டம் எப்பெயரால் அழைக்கிறதோ, அப்பெயரே அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதை முடிவு செய்கிறது. புக்கிட் மேராவின் வரலாற்றை நான் அவ்வாறே படித்தேன்.

ஈப்போவை அடுத்த லஹாட் வட்டாரத்தில், பெரும்பாலும் சீனர் வாழும் புதுக்கிராமம் புக்கிட் மேரா. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க ஏசியன் ரேர் எர்த் என்னும் நிறுவனம் 1979இல் பதிவு செய்யப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிசி இரசாயன நிறுவனமும் உள்நாட்டுப் பங்காளிகளும் அதன் உரிமையாளர். 1982இல் ஆலை இயங்கத் தொடங்கியது. வண்ணத் தொலைக்காட்சித் திரைகளுக்கும் வேறு பல கருவிகளுக்கும் தேவைப்பட்ட தனிமங்கள் கப்பலேறின. மோனசைட்டில் இருந்த தோரியம், தோரியம் ஹைட்ராக்சைடு என்னும் பிண்டமாக ஆலையிலேயே தங்கியது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஓர் ஆலையின் ஆயுளோ, ஓர் அரசின் ஆயுளோ அதற்கு முன் ஒரு பொருட்டன்று.

அப்பிண்டத்தை எவரும் கழிவு என்று அழைக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. எதிர்காலத்தில் அணு உலைக்கு எரிபொருளாகப் பயன்படக்கூடும் என்ற எதிர்பார்ப்பில், அதனை மாநில அரசின் உடைமையாகக் கருதிச் சேமித்து வைப்பதே ஏற்பாடு. உடைமையைச் சேமிப்பார்கள், கழிவையே அப்புறப்படுத்துவார்கள். சேமிப்பு என்ற சொல் வந்ததும், எங்கே, எவ்வளவு காலம், யார் செலவில் என்ற வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

சட்டங்களின் நிலையையும் பார்ப்போம். அன்று கையில் இருந்தவை இரண்டு. 1968ஆம் ஆண்டின் கதிரியக்கப் பொருள் சட்டம் ஒன்று. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மற்றொன்று. பின்னதன்கீழ் நச்சுக் கழிவுகளை வகைப்படுத்தும் விதிமுறைகள் அப்போது இயற்றப்பட்டிருக்கவில்லை. ஓர் ஆலையைக் கட்டுமுன் அதன் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆலை முன்னே வந்தது. அதனை ஆள வேண்டிய விதிகள் பின்னே வந்தன.

முதலில் பாரிட் என்னும் ஊர் சேமிப்பிடமாகக் கருதப்பட்டது. ஊரார் எதிர்க்கவே அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பாப்பான். போர்க்காலத்தில் மருத்துவத் தொண்டாற்றிய சிபில் கார்த்திகேசுவின் வரலாற்றைப் படித்த மாணவர்க்கு அவ்வூர்ப் பெயர் நினைவிருக்கும். அங்கே அகழிகள் வெட்டப்படுவது ஏன் என்று ஊரார் கேட்டறிந்தபோது அகழிகள் வெட்டப்பட்டுவிட்டன. 1984 மே 31 அன்று பாப்பானையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 6,700 பேர் கையொப்பமிட்ட எதிர்ப்பு மனு பிரதமருக்கும் மாநில அரசுக்கும் சென்றது. அரசின் அழைப்பில் வந்த அனைத்துலக அணுசக்தி முகமையின் வல்லுநர்கள் அவ்வகழிகள் பாதுகாப்பானவை அல்ல என்றனர். 1985 சனவரியில், அன்றைய துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம் சேமிப்பிடம் கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றப்படும் என அறிவித்தார்.

பாப்பான் தப்பியது. ஆயின் தோரியம் புக்கிட் மேராவிலேயே இருந்தது. மலேசியப் புவி நண்பர்கள் இயக்கம் அழைத்துவந்த ஜப்பானியக் கதிரியக்க அறிஞர் சாடாவ் இச்சிகாவா ஆலையை ஒட்டிய வெளியில் அளந்தபோது, கதிர்வீச்சு ஏற்கத்தக்க அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது.

1985 பிப்ரவரி 1 இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கப்பட வேண்டிய நாள். அன்றுதான் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; அணுசக்தி உரிம வாரியம் இச்சட்டத்தின் வழிப் பிறந்ததே. அதே நாளில்தான் புக்கிட் மேரா மக்கள் எண்மர், ஊரார் அனைவரின் சார்பிலும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கதிரியக்கக் கழிவை உண்டாக்குவதையும் வைத்திருப்பதையும் தடுக்க வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். ஏட்டில் பொறுப்பாளர் ஒருவர் தோன்றிய நாளில், அப்பொறுப்பாளரை அறியாத மக்கள் நீதிமன்றப் படியேறினர். இது தற்செயல் ஒற்றுமையே எனினும், எட்டாண்டுகளுக்குப் பின் வழக்கின் முடிவையே இது தொட்டது.

அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று நீதிபதி அனுவார் சைனல் அபிடின் இடைக்காலத் தடை விதித்தார். 1987 பிப்ரவரியில் வாரியத்தின் உரிமம் பெற்று ஆலை மீண்டும் இயங்கியது. ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 பேர் ஊர்வலம் சென்றனர். செப்டம்பர் 7 அன்று முழு விசாரணை தொடங்கியது. அக்டோபர் 27இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில், பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவினரும் ஊர்மக்களின் வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். தம் ஊர் மண்ணைப் பற்றிக் கேட்டவர்கள் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்று வகைப்படுத்தப்பட்டதைச் சட்ட மொழியின் வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

விசாரணை 65 நாள்கள் நடந்தது. ஆனால் அந்நாள்கள் 32 மாதங்களில் சிதறிக் கிடந்தன. கருச்சிதைவு, குழந்தைகளின் உடற்குறை, இரத்தப் புற்று ஆகியவை ஊரில் மிகுந்தன என்பது மக்கள் தரப்பு. அவற்றுக்கும் ஆலைக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது நிறுவனத் தரப்பு. ‘பாதுகாப்பான அளவு’ என்ற ஒரு தொடரின் பொருள் பற்றியே வல்லுநர்கள் நாள்கணக்கில் வாதிட்டனர். 1992 சூலை 11 அன்று மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 14 நாள்களுக்குள் ஆலையை மூட வேண்டும் என்றது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்தி வைத்து, 1993 டிசம்பர் 23 அன்று தீர்ப்பையே மாற்றியது. உரிமத்தைத் திரும்பப் பெறும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு, மக்கள் அங்கே முறையிட்டிருக்க வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. சட்ட நோக்கில் அது பொருந்தலாம். ஆனால் அந்த வாரியமே உரிமம் அளித்து ஆலையை மீண்டும் திறக்கச் செய்தது என்பதை நினைக்கும்போது, அக்காரணத்தை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. வழக்கில் வென்ற நிறுவனம் அடுத்த மாதமே, 1994 சனவரியில், ஆலையை மூடுவதாக அறிவித்தது.

வழக்கு நடந்த காலத்திலேயே சட்டங்கள் வேகமாக வளர்ந்தன. 1988 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1989இல் ‘புவாஙான் தெர்ஜாடுவால்’, அதாவது அட்டவணைக் கழிவு, பற்றிய விதிமுறைகள் வந்தன; 2005இல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஒரு கழிவு அட்டவணையில் இடம்பெற்றுவிட்டால், அதனை உண்டாக்கியவர் அறிவிக்க வேண்டும், கலத்தில் பெயரொட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். 1994இல் சிறிய அமாங் ஆலைகளுக்கு விலக்களிக்கும் ஆணை ஒன்று அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் வெளிவந்தது. விலக்களிப்பதற்காகவேனும், அணுசக்திச் சட்டத்தின் ஆணையொன்றில் அமாங் என்ற குட்டையோரத்துச் சொல் ஏறியது. 2011இல் ‘சீசா ரேடியோஅக்திஃப்’, அதாவது கதிரியக்க எச்சம், பற்றிய மேலாண்மை விதிமுறைகள் வந்தன.

மலாயில் ஒன்றுக்குப் ‘புவாஙான்’, மற்றொன்றுக்குச் ‘சீசா’. முன்னது எறியப்பட்டது, பின்னது மிஞ்சி நின்றது. தமிழில் இரண்டையும் நாம் கழிவு என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். கழி என்னும் வினை நீங்குதலைக் குறிக்கும். காலம் கழிதலும் கணக்கில் கழித்தலும் அதன்பால் பட்டவை. கழிந்தது போய்விட்டது என்ற உணர்வு அச்சொல்லிலேயே உள்ளது. தோரியம் கழிவதில்லை. எச்சம் என்பதே அதற்குப் பொருத்தமான சொல் என்பது என் துணிபு. நம் இலக்கணத்தார் பெயரெச்சம், வினையெச்சம் என்றது, பின்வரும் ஒரு சொல்லைக் கொண்டன்றிப் பொருள் முற்றாதவற்றை. கலைச்சொல் ஆக்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் காக்க வேண்டும். இரு துறைகளின் எல்லை அதிலேதான் இருக்கிறது: கதிரியக்கம் உரிய வரம்பைக் கடந்தால் அணுசக்தி உரிம வாரியம், கடவாவிடில் சுற்றுச்சூழல் துறை.

புக்கிட் மேராவைத் துப்புரவு செய்யும் பணி ஆலை மூடிப் பல்லாண்டுகளுக்குப் பின் நடந்தது. அதன் செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் என்றும், கட்டடமும் அடிமண்ணும் பல்லாயிரம் லாரிகளில் அகற்றப்பட்டன என்றும் 2011இல் செய்தி வெளியாயிற்று. 80,000க்கும் மேற்பட்ட உருளைகளில் இருந்த தோரிய எச்சம் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது. அணு உலை எதற்கும் அது செல்லவில்லை.

அதே காலத்தில் கிழக்குக் கரையில், குவாந்தானை அடுத்த கெபெங்கில் லைனஸ் நிறுவனத்தின் ஆலை உருவாகிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவைச் சுத்திகரிக்கும் அவ்வாலை 2012இல் இயங்கத் தொடங்கியது. பேராக் மோனசைட்டைவிட அத்தாதுவில் தோரியம் மிகக் குறைவு. ஆனால் பதப்படுத்தப்படும் அளவு மிகப் பெரிது. அங்கே எச்சம் இரு வகையாகப் பிரிகிறது. தோரியம் தங்கும் வகைக்கு வாரியம் பொறுப்பு. மற்றதற்குச் சுற்றுச்சூழல் துறை. புக்கிட் மேராவில் இல்லாத இத்தெளிவு புக்கிட் மேராவால் கிடைத்தது. இவ்வெச்சங்களைக் கலந்து மண்வளமூட்டியாகப் பயன்படுத்தும் ஆய்வும் நடந்தது. ‘கோண்டிசாயில்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர். கதிரியக்க எச்சத்துக்கு நிலையான புதைப்பிடம் வேண்டும் என்பது 2019க்குப் பின் உரிமத்தின் கட்டுப்பாடாயிற்று. 2023 அக்டோபரில் அவ்வுரிமம் திருத்தப்பட்டபோது, எச்சத்திலிருந்து தோரியத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வு அதனோடு இணைக்கப்பட்டது. பிரித்தெடுத்த தோரியம் எரிபொருளாகப் பயன்படலாம் என்ற பேச்சும் அத்துடன் மீண்டும் எழுந்துள்ளது.